பெடியள் நிற்கவில்லை என்று சொல்லும் முதலாளிமாருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வன்னியில் சிறிய நிறுவனம் நடத்துகிற யாரோடு கதைத்தாலும் பத்து நிமிடத்துக்குள் ஒரு முறைப்பாடு வந்துவிடும். "பெடியள் ஒருத்தரும் நிலைச்சு நிக்கிறாங்கள் இல்லை." பழக்கி எடுத்த கையோடு கொழும்புக்குப் போகிறார்கள், கட்டாருக்குப் போகிறார்கள், கனடாவுக்கு விசிட் விசா போடுகிறார்கள், அதுவும் இல்லாவிட்டால் எதிர்க்கடைக்குப் போய்விடுகிறார்கள் என்று சொல்வார்கள். கடைசியாகச் சொன்னதைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். கனடாவுக்குப் போகிற பிள்ளையை யாராலும் மறிக்க முடியாது. ஆனால் எதிர்க்கடையில் சம்பளம் கொஞ்சம் குறைவு என்று தெரிந்துகொண்டே அங்கே போகிற பிள்ளை எதற்காகப் போகிறது? அதை அந்த முதலாளி ஒருநாளாவது கேட்டாரா?

நான் கணக்கு எழுதுகிறவள். பரந்தனில் இருந்து வவுனியா வரைக்கும் ஏ9 வீதியை ஒட்டி இருக்கிற அரிசி மில், ஹாட்வெயார், பேக்கரி, அச்சகம், மோட்டார் சைக்கிள் கராஜ், இரண்டு அறைக்குள் நடக்கிற கணினி நிறுவனம் என்று பல இடங்களின் சம்பளப் பட்டியலும் வரவு செலவும் என் கையால் போகின்றன. பெரும்பாலும் எட்டுப் பேர், பத்துப் பேர், கூடினால் பதினைந்து பேர் வேலை செய்கிற இடங்கள். ஒரு இடம் நல்லாக நடக்கிறதா இல்லையா என்பது எனக்கு விற்பனைக் கணக்கில் தெரிவதற்கு முதலே சம்பளப் பட்டியலில் தெரிந்துவிடும். சில இடங்களில் பெயர்கள் மாறுவதே இல்லை. சில இடங்களில் ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் புதுப் பெயர்கள் எழுத வேண்டியிருக்கும். இரண்டு இடத்திலும் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது.

இத்தனை இடம் பார்த்த பிறகு எனக்கு ஒரு அளவுகோல் பிடிபட்டிருக்கிறது. அந்த இடத்தில் கடைசியாக வந்து சேர்ந்த பிள்ளை, தான் விட்ட ஒரு பிழையை அதே நாளில் முதலாளியிடம் போய்ச் சொல்லுமா, சொல்லாதா? சொல்லும் என்றால் அது நல்ல இடம். சொல்லாது என்றால் சுவரில் சாமிப் படமும் வருடக் கடைசியில் போனசும் இருந்தாலும் அங்கே ஏதோ பழுது.

நான் பார்த்த இரண்டு விஷயத்தைச் சொல்கிறேன். ஒரு ஹாட்வெயாரில் மாரி மழைக்குக் களஞ்சியத்தின் கூரை ஒழுகிச் சீமெந்துப் பைகள் சில நனைந்துவிட்டன. அன்றைக்கே தெரிந்திருந்தால் நனைந்த நாலைந்தை ஒதுக்கிப்போட்டு, மிச்சத்தைப் பலகைக்கு மேல் தூக்கி வைத்துத் தப்பியிருக்கலாம். ஆனால் களஞ்சியத்துக்குப் பொறுப்பாக நின்ற பெடியனுக்கு அதற்கு முந்தின கிழமைதான், பெயின்ற் ரின் ஒன்று கவிழ்ந்ததற்காக, சாமான் வாங்க வந்த ஆட்களுக்கு முன்னால் தாய் தகப்பனை எல்லாம் இழுத்து ஏச்சு விழுந்திருந்தது. அவன் நனைந்த பைகளை உள்ளே தள்ளி, காய்ந்த பைகளை முன்னால் அடுக்கிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டான். ஈரம் கீழால் ஏறி ஒரு வரிசை முழுக்கக் கட்டிப்பட்ட பிறகு, ஒரு மேசன் பையைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. முதலாளி என்னிடம், "பொறுப்பில்லாத பெடியன், சம்பளத்தில கழியுங்கோ" என்றார். பெடியன் அடுத்த நாளே வரவில்லை. நட்டம் கணக்கில் நின்றது.

மற்றது ஒரு புழுங்கல் அரிசி மில். இரவு நின்றவன், நெல் ஊறுகிற தொட்டியின் தண்ணீரைத் திறந்துவிட மறந்து நித்திரையாகிவிட்டான். நெல் கூடுதலாக ஊறினால் சோறு மணக்கும், ஆள் வாங்காது. விடியப்புறம் எழும்பிப் பார்த்தவன் உடனே முதலாளிக்குக் கோல் எடுத்து, "அண்ணை, நான் படுத்திட்டன், நெல் கூட ஊறிப்போச்சு" என்று சொல்லிவிட்டான். அவர் வந்தார், இரண்டு பேரும் சேர்ந்து தண்ணீரை வடித்து, அந்தத் தொட்டி நெல்லை முதலில் அவித்து, வேறாகக் காயவைத்து, குறைந்த விலைக்குத் தனியாக விற்றார்கள். அதற்குப் பிறகு அவர் செய்தது, தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பலகையைக் கொழுவி, நெல் போட்ட நேரம், தண்ணீர் திறக்க வேண்டிய நேரம் இரண்டையும் எழுத வைத்ததுதான். இரவு வேலைக்கு ஒரு ஆள் போதாது என்று விளங்கி இன்னொருவரையும் போட்டார். ஏச்சு இல்லை. அந்தப் பெடியன் இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறான், இப்போது புது ஆட்களைப் பழக்குகிறவன் அவன்தான்.

ஏசினால்தான் பிள்ளைகள் திருந்தும் என்று நம்புகிற முதலாளிமார் நிறையப் பேர். அவர்களும் அப்படி ஏச்சு வாங்கித்தான் தொழில் பழகினார்கள் என்பது எனக்குத் தெரியும், அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் ஏச்சு வாங்கின பிள்ளை பிழை விடாமல் இருக்கப் பழகுவதில்லை, பிழையை மறைக்கத்தான் பழகுகிறது. பிழை எல்லோருக்கும் வரும். மறைத்த பிழைக்குத்தான் செலவு கூட.

எங்கள் மண்ணுக்கு இது இன்னும் ஆழமாகப் பொருந்தும். இங்கே வாயைத் திறக்காமல் இருப்பது நீண்ட காலம் உயிரைக் காத்த பழக்கம். யாரிடம் என்ன சொல்லலாம், எதைச் சொன்னால் என்ன வரும் என்று தெரியாமல் ஒரு தலைமுறையே வாயை மூடிக்கொண்டு வளர்ந்தது. 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது பத்து வயதாக இருந்த பிள்ளைக்கு இப்போது இருபத்தைந்து தாண்டிவிட்டது. செட்டிகுளம் முகாம்களில் தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் வரிசையில் நின்ற பிள்ளைகள்தான் இன்றைக்கு எங்கள் கடைகளில், மில்களில், அலுவலகங்களில் வேலைக்கு நிற்கிறார்கள். அந்தப் பிள்ளையிடம், "ஏதும் பிரச்சினை எண்டால் சொல்லுங்கோ" என்று ஒருதரம் சொல்லிவிட்டு, "நான் கேட்டனான்தானே, அவள்தான் சொல்லேல்லை" என்று பிறகு சொல்வது நியாயம் இல்லை. சொன்னால் தனக்கு ஒரு கெடுதலும் வராது என்பதை அந்தப் பிள்ளை தன் கண்ணால் பல தடவை பார்க்க வேண்டும். இன்னொருத்தி சொல்லி அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்க்க வேண்டும். அதற்குக் காலம் எடுக்கும். சத்தம் கேட்டாலே உடம்பு பதறுகிறவர்கள் எங்களில் இருக்கிறார்கள், இதை வெட்கப்பட்டு மறைக்கிறவர்களும் இருக்கிறார்கள். மேசையில் அடித்துக் கத்துகிற முதலாளிக்கு அது ஒரு நிமிடக் கோபம். எதிரே நிற்கிறவருக்கு அன்றைய நாளே போய்விடும்.

இன்னொன்றையும் சேர்த்து யோசிக்க வேண்டும். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையிலும் ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலையிலும் வேலை செய்த பெரியவர்கள் எங்கள் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டால் வேலை நேரம், லீவு, சேமலாப நிதி எல்லாம் அந்தக் காலத்துப் பேச்சாகச் சொல்வார்கள். போர் அந்த வேலைத்தலங்களைத் தின்றுவிட்டது. அதற்குப் பிறகு வந்தவர்களில் மிகப் பலர் ஒழுங்கான ஒரு வேலைத்தலத்தையே உள்ளே இருந்து பார்த்ததில்லை. முதலாளியும் பார்த்ததில்லை, வேலைக்கு வருகிறவரும் பார்த்ததில்லை. வீதி திறந்து, வங்கிகள் வந்து, லீசிங் வந்து, கடை போட்டு, நாலு பேரை வேலைக்கு வைத்து, அந்த நாலு பத்தாகி இப்போது நிறுவனம் என்று பெயர்ப்பலகை வைத்திருக்கிறோம். நடத்துகிற முறை மட்டும் இன்னும் வீட்டுத் திண்ணை முறையாகவே இருக்கிறது.

"நாங்கள் எல்லாம் ஒரு குடும்பம் மாதிரித்தான்" என்பது நான் அதிகம் கேட்கிற வசனம். மனதாரச் சொல்கிறார்கள், பொய் இல்லை. வேலை செய்கிற பிள்ளையின் தாய்க்குச் சுகமில்லை என்றால் காரைக் கொடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள், கலியாணத்துக்கு முன்னால் நின்று செய்கிறார்கள், செத்த வீட்டுக்கு முதல் ஆளாகப் போகிறார்கள். பெரிய கம்பனிகளில் இது கிடைக்காது. இதை நான் குறைவாக நினைக்கவே இல்லை. ஆனால் அதே வாயால் சம்பளத் திகதியைக் கேட்ட பிள்ளையைப் பார்த்து, "வீட்டுப் பிள்ளை மாதிரி வைச்சிருக்கிறன், காசுக் கணக்குப் பார்க்கிறியோ" என்று கேட்கும்போதுதான் பிரச்சினை. செய்த வேலைக்குச் சம்பளம் உரிமை. தாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அன்பு. அன்பைக் காட்டி உரிமையைக் கழிக்கக் கூடாது. அப்படிக் கழித்தால் அந்தப் பிள்ளைக்கு அடுத்தமுறை உதவி கேட்கவும் பயம் வரும், சம்பளம் கேட்கவும் வாய் வராது, கடைசியில் ஒன்றும் சொல்லாமல் போனை நிறுத்திவிட்டு நின்றுவிடும். முதலாளி, "நன்றி இல்லாததுகள்" என்பார்.

அதனால் எழுத்தில் இருந்து தொடங்க வேண்டும் என்று நான் சொல்கிறேன். சின்ன நிறுவனத்துக்குச் சட்டம் இல்லை என்று நினைக்கிறவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க கடை மற்றும் அலுவலக ஊழியர் சட்டம் எங்கள் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் அப்படியே பொருந்தும். சாப்பாட்டு நேரம் நீங்கலாக நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம். அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்குச் சம்பளம், ஓ.ரி. என்பது அதுதான். கிழமைக்கு ஒன்றரை நாள் சம்பளத்துடன் ஓய்வு. முழு வருடம் வேலை செய்தவருக்கு 14 நாள் வருடாந்த லீவு, அவசரத் தேவைக்கு 7 நாள் சமயோசித லீவு. வேலைக்குச் சேருகிற அன்றைக்கே நியமனக் கடிதம். இது எல்லாம் எழுபது வருடப் பழைய சட்டம், நேற்று வந்தது இல்லை. ஈ.பி.எப். என்கிற ஊழியர் சேமலாப நிதிக்கான சட்டம் 1958இல் வந்தது. ஒரே ஒரு ஆளை வேலைக்கு வைத்திருந்தாலும் கட்ட வேண்டும். ஊழியரிடம் 8 வீதம், முதலாளி 12 வீதம், அதோடு ஈ.டி.எப். என்கிற ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் முதலாளி தன் கையில் இருந்து. தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டிருக்கிறது. 30,000 சம்பளக்காரருக்கு ஈ.பி.எப். என்று அவரிடம் 2,400 கழித்து, முதலாளி 3,600 போட்டு, ஈ.டி.எப். 900 சேர்த்து, மாதம் 6,900 ரூபா அந்தப் பிள்ளையின் பெயரில் போக வேண்டும்.

நான் பார்த்த இடங்களில் மனதை மிகவும் நோகடித்தது என்ன என்றால், 8 வீதத்தைச் சம்பளத்தில் கழித்துவிட்டு அதைக் கட்டாமலே வைத்திருப்பதுதான். முதல் மாதம் கைக்காசுத் தட்டுப்பாடு, அடுத்த மாதம் கட்டலாம் என்று தொடங்கும். பிறகு வருடக் கணக்காகும். பிந்தினால் மேலதிகக் கட்டணம் 5 வீதத்தில் தொடங்கி ஒரு வருடம் தாண்டினால் 50 வீதம் வரை போகும் என்பது அவர்களுக்குத் தெரிந்தும் இருக்கலாம். ஆனால் நான் பயப்படுவது தண்டத்தைப் பற்றி இல்லை. வீடு கட்டுவதற்காகவோ வருத்தத்துக்காகவோ ஒரு தாய் தன் ஈ.பி.எப். பணத்தைக் கேட்டுப் போகிறபோது அங்கே ஒன்றும் இல்லை என்று அறிந்தால், அந்தச் செய்தி ஒரு மணித்தியாலத்தில் எல்லா வேலையாட்களுக்கும் போய்ச் சேரும். அதற்குப் பிறகு அந்த இடத்தில் முதலாளி சொல்கிற எந்தக் கணக்கையும் ஒருவரும் நம்பமாட்டார்கள். வருடக் கடைசியில் போனஸ் கொடுத்தாலும் அதற்குள்ளே என்ன களவு என்றுதான் பார்ப்பார்கள். நம்பிக்கை அப்படித்தான் உடையும்.

ஆகவே நியமனக் கடிதத்தைத் தமிழில் கொடுங்கள். ஒரு பக்கம் போதும். வேலை என்ன, நேரம் என்ன, சம்பளம் எவ்வளவு, எந்தத் திகதியில், லீவு எத்தனை, ஓ.ரி. எப்படி. மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 10ஆம் திகதிக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நீங்கள் 5 என்று வைத்தால் 5தான். ஒரு மாதம் முடியாது என்றால் 5ஆம் திகதி காலையிலேயே எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லுங்கள், எப்போது தருவீர்கள் என்றும் சொல்லுங்கள். 2022இல் எரிபொருளும் இல்லை, கரண்டும் இல்லை, வியாபாரமும் இல்லை என்று இருந்த மாதங்களில் கணக்கைத் திறந்து காட்டி, "இவ்வளவுதான் வந்தது, இவ்வளவுதான் தர முடியும், ஒருத்தரையும் நிறுத்தமாட்டன்" என்று சொன்ன ஒரு சின்ன அச்சக முதலாளியின் ஆட்கள் ஒருவரும் விட்டுப் போகவில்லை. அதே காலத்தில் புதுக் கார் எடுத்துக்கொண்டு சம்பளத்தைப் பிந்தினவரின் இடம் காலியானது. வேலையாட்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறார்கள்.

இப்போது கமராவைப் பற்றி. களவுக்குக் கமரா வைப்பது சரி, அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் லண்டனில் இருந்தோ யாழ்ப்பாணத்தில் இருந்தோ போனில் அதைப் பார்த்துக்கொண்டு, "ஏன் அந்தப் பிள்ளை கதிரையில இருக்குது?" என்று கோல் எடுக்கிற முதலாளிமார் இப்போது கூடிவிட்டார்கள். வெளிநாட்டில் உழைத்த காசை ஊரில் போட்டு நாலு பேருக்கு வேலை கொடுக்கிறவர்களை நான் மதிக்கிறேன். அந்தக் காசு அங்கே எவ்வளவு கஷ்டப்பட்டு வந்தது என்பதும் விளங்கும். ஆனால் நீங்கள் வேலை செய்கிற நாட்டில் உங்கள் மனேஜர் உங்களை அப்படிக் கமராவில் பார்த்துக் கோல் எடுத்தால் ஒரு நாள் பொறுப்பீர்களா? காலை எட்டு மணியில் இருந்து இரவு ஏழு மணி வரை புடவைக்கடையிலும் சூப்பர் மார்க்கெட்டிலும் நின்றபடியே நிற்கிற பெண்பிள்ளைகளின் கால் வீக்கத்தை நான் கண்டிருக்கிறேன். தமிழ்நாட்டில் 2021இல், கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று சட்டத்தையே திருத்தினார்கள். நாங்கள் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவை இல்லை, ஒரு கதிரை வாங்கிப் போட்டால் முடிந்தது.

இரவு பத்து மணிக்கு வட்ஸ்அப் குறூப்பில், இன்றைக்கு யார் பில் பிழையாகப் போட்டது என்று படத்தோடு போட்டு எல்லோருக்கும் காட்டுவதும் இதே வகைதான். பிழையை அந்த ஆளுக்குத் தனியாகச் சொல்லுங்கள், வேலை நேரத்தில் சொல்லுங்கள். பாராட்டை எல்லோருக்கும் முன்னால் சொல்லுங்கள். எங்கள் ஆட்களுக்குப் பாராட்ட வாய் வராது, அது எனக்கும் தெரியும், "நல்லாச் செய்திருக்கிறாய்" என்று சொன்னால் தலைக்கனம் வந்துவிடும் என்ற பயம். வராது. சொல்லிப் பாருங்கள். அப்புறம் காசு மேசையில் காசு குறைந்தால் அதை அப்படியே அந்தப் பிள்ளையின் சம்பளத்தில் பிடிக்கிற பழக்கம். ஒரே லாச்சிக்குள் மூன்று பேர் கை வைக்கிற இடத்தில், முதலாளியின் மகனும் வந்து பெற்றோலுக்கு எடுத்துக்கொண்டு போகிற இடத்தில், குறைந்தது யாரால் என்று எப்படித் தெரியும்? முதலில் ஒரு லாச்சிக்கு ஒரு ஆள் என்று ஆக்குங்கள், எடுப்பதை எழுதுங்கள், முதலாளி வீட்டார் எடுத்தாலும் எழுதுங்கள்.

வீட்டார் என்றதும் இதையும் சொல்லியாக வேண்டும். பல இடங்களில் முதலாளி ஒருவர் இல்லை, நாலு பேர். அவர் ஒன்று சொல்வார், மனைவி வேறொன்று சொல்வா, மச்சான் வந்து இரண்டையும் மாற்றுவார். வேலைக்கு நிற்கிற பிள்ளைக்கு யார் சொல்வதைக் கேட்பது என்றே தெரியாது, யாரைக் கேட்டாலும் மற்றவரிடம் ஏச்சு நிச்சயம். வீட்டுக்குள் பேசி முடித்துவிட்டு ஒரு ஆள் மட்டும் வேலை சொல்லுங்கள்.

பெண்பிள்ளைகளின் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன். கணவனை இழந்தோ தொலைத்தோ தனியாகக் குடும்பத்தைத் தூக்குகிற பெண்கள் வன்னியில் எவ்வளவு பேர் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர்கள் வேலையை விட முடியாது என்பதும் தெரியும், அதைத் தெரிந்துகொண்டு நடக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். பூட்டுப் போடக்கூடிய, தண்ணீர் உள்ள மலசலகூடம் கூட இல்லாத கடைகள் ஏ9 வீதியிலேயே இருக்கின்றன. பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமல் நாளைக் கழிக்கிறார்கள். இது வெட்கக்கேடு, இதற்குச் சாட்டு ஒன்றும் இல்லை. விசுவமடுவுக்கோ அக்கராயனுக்கோ போகிற கடைசி பஸ் போன பிறகு, "ஒரு அரை மணித்தியாலம் நிண்டு முடிச்சிட்டுப் போ பிள்ளை" என்றால், லைட் இல்லாத அந்த வீதியால் அவள் எப்படிப் போவாள்? நேரம் பிந்தினால் வீடு வரை கொண்டுபோய் விடுவது உங்கள் பொறுப்பு, அதையும் ஒரு ஆண் தனியாகக் கொண்டுபோய் விடுகிற ஏற்பாடாக வைக்காதீர்கள். பிள்ளை பெற்ற தாய்க்கு, அது எத்தனையாவது பிள்ளை என்றாலும், 84 நாள் சம்பளத்துடன் லீவு உண்டு. வயிற்றில் பிள்ளை என்று சொன்ன மாதமே வேலையில் இருந்து நிறுத்துவது சட்டத்துக்கும் மாறு, மனச்சாட்சிக்கும் மாறு.

பாலியல் தொந்தரவைப் பற்றிப் பேசினால் பலர் முகத்தைத் திருப்புகிறார்கள். தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவு, 1995இல் திருத்தப்பட்டதில் இருந்து, சொல்லாலோ செயலாலோ பாலியல் தொந்தரவு செய்வதை ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக வைத்திருக்கிறது. வேலைத்தலத்தில் அதிகாரத்தில் இருக்கிறவர் செய்வதும் அதற்குள் வரும். சின்ன நிறுவனத்தில் முறைப்பாடு சொல்லப்போனால் அந்த ஆளே முதலாளியாகவோ முதலாளியின் தம்பியாகவோ இருப்பார், அதுதான் பெரிய சிக்கல். ஆகவே வெளியில் ஒரு ஆளின் பெயரைச் சொல்லி வையுங்கள். வேலையாட்கள் எல்லோரும் மதிக்கிற ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை, அல்லது தொழிலோடு தொடர்பு இல்லாத ஒரு பெரிய மனுசி. அவவின் தொலைபேசி இலக்கத்தைச் சுவரில் ஒட்டுங்கள். அவ வந்து சொன்னால் அதைக் கேட்பேன் என்று முதலாளி எல்லோருக்கும் முன்னால் ஒப்புக்கொள்ளட்டும்.

பகிடி என்ற பெயரில் நடப்பதையும் விடக் கூடாது. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில் இருந்து அடித்து விரட்டப்பட்டு வந்து, காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஆயிரக்கணக்கில். அவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள், எங்களோடு சேர்ந்து எல்லாவற்றையும் இழந்தவர்கள். இன்னும் அவர்களைப் பூர்வீகத்தைச் சொல்லிக் கூப்பிடுகிற வேலைத்தலங்கள் இருக்கின்றன. சாதி பார்த்துத் தேத்தண்ணிக் கப் வேறாக வைக்கிற இடத்தையும் நான் கண்டிருக்கிறேன், கண்டதை எழுதத்தான் வேண்டும். கால் இழந்தவருக்கு வேலை கொடுத்துவிட்டு அவரைப் பட்டப்பெயரில் கூப்பிடுகிறார்கள். இந்த இடங்களில் முதலாளி தானே சொல்லாவிட்டாலும், மற்றவர் சொல்லும்போது சிரித்தால் போதும், அது அனுமதி கொடுத்த மாதிரி. "இஞ்சை அப்பிடிக் கூப்பிடப்படாது" என்று ஒரே ஒரு தடவை உறுதியாகச் சொன்னால் அடங்கிவிடும். சின்ன இடத்தில் முதலாளியின் ஒரு வசனத்துக்கு அவ்வளவு பலம் இருக்கிறது.

லீவு விஷயத்தில் எங்கள் ஊரின் நாட்காட்டியை அறிந்து நடந்தால் பாதிச் சண்டை வராது. காலபோக நெல் அறுவடைக் காலத்தில் வயல் உள்ள வீட்டுப் பிள்ளை லீவு கேட்கும். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குக் கேட்கும், மடு மாதா திருவிழாவுக்குக் கேட்கும், வவுனியாவில் என்றால் நோன்பு காலத்தில் நேரத்துக்கு வீட்டுக்குப் போக ஒருவர் கேட்பார். போரில் செத்தவர்களை நினைக்கிற மே 18க்குக் கேட்பார்கள், அன்றைக்கு ஏன் என்று கேட்காதீர்கள். இவை திடீரென்று வருகிற நாட்கள் இல்லை. வருடத் தொடக்கத்திலேயே ஒரு கொப்பியைத் திறந்து எல்லோரையும் தங்களுக்கு வேண்டிய நாட்களை எழுதச் சொன்னால், யார் எப்போது நிற்பது என்று அவர்களே தங்களுக்குள் பேசி முடித்துவிடுவார்கள். லீவு கேட்பவர் கெஞ்ச வேண்டிய நிலை இருந்தால் பொய்தான் வரும், அதே அம்மம்மா இரண்டு தடவை சாவா.

வேலை செய்கிற பிள்ளைகளிடமும் எனக்கு ஒரு வார்த்தை இருக்கிறது. சொல்லாமல் நின்றுவிடுவது உங்களுக்குப் பின்னால் வருகிற பிள்ளையின் வாய்ப்பையும் கெடுக்கிறது. போவதென்றால் ஒரு மாதம் முன்னால் சொல்லுங்கள், பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போங்கள். வாடிக்கையாளர் முன்னால் நிற்கும்போது போனைப் பார்க்காதீர்கள். நியமனக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள், சம்பளச் சிட்டையைப் பத்திரப்படுத்துங்கள், ஈ.பி.எப். இலக்கம் என்ன என்று கேளுங்கள், கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

முதலாளிமார் என்னிடம், இதற்கெல்லாம் காசு வேண்டுமே, எங்கள் வியாபாரம் தாங்குமா என்று கேட்பார்கள். சம்பளமும் சேமலாப நிதியும் காசுதான், அதைத் தாங்காத வியாபாரம் என்றால் விலையையோ ஆட்களின் எண்ணிக்கையையோ மறுபடி கணக்குப் பார்க்கத்தான் வேண்டும், நான் கூட இருந்து பார்த்துத் தருவேன். மிச்சத்துக்கு என்ன காசு? காலையில் கடை திறந்ததும் பத்து நிமிடம் எல்லோரும் வட்டமாக நின்று, நேற்று என்ன பிழைத்தது, இன்றைக்கு என்ன வேலை என்று கதைப்பதற்குக் காசு வேண்டாம். அதில் முதலாளி முதல் ஆளாகத் தன் பிழையைச் சொன்னால் மற்றவர்கள் மெல்ல மெல்ல வாயைத் திறப்பார்கள். முதல் கிழமை ஒருவரும் பேசமாட்டார்கள், தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். விட்டுவிடாதீர்கள். பெரிய கம்பனியில் ஒரு விதியை மாற்ற ஆறு கூட்டம் வைக்க வேண்டும். பத்துப் பேர் வேலை செய்கிற இடத்தில் இன்று இரவு முடிவெடுத்தால் நாளை காலை மாற்றிவிடலாம்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை. தொழிற் சட்டங்களைப் பற்றித் தமிழில் கேள்வி பதிலாக ஒரு பகுதியைக் கிழமைக்கு ஒருதரம் போடுங்கள். லீவு எப்படிக் கணிப்பது, ஓ.ரி. எப்படிக் கணிப்பது, வேலையை விட்டு விலகும்போது கிடைக்கிற பணிக்கொடை யாருக்கு, ஆட்கள் 15 பேரோ அதற்கு மேலோ ஆனால் என்ன மாறும் என்று முதலாளிக்கும் தெரிய வேண்டும், தொழிலாளிக்கும் தெரிய வேண்டும். தொழில் திணைக்களத்தின் உத்தியோகத்தர்கள் மாங்குளம், புதுக்குடியிருப்பு, மல்லாவி போன்ற இடங்களுக்கு மாதத்தில் ஒரு நாள் வந்து இருக்கலாம். தண்டம் போட மட்டும் வராமல், கடிதம் எழுதவும் பதிவு செய்யவும் உதவி செய்ய வர வேண்டும். வர்த்தக சங்கங்கள் அதற்கு ஒரு மண்டபத்தைக் கொடுக்கலாம். வவுனியாப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படிக்கிற பிள்ளைகளை ஒரு தவணை எங்கள் மில்களுக்கும் கடைகளுக்கும் அனுப்பினால் அவர்களுக்கும் படிப்பு, எங்களுக்கும் ஒழுங்கான கணக்கு.

நான் எழுதியதில் மாற்றுக் கருத்து உள்ள முதலாளிமார் இருப்பார்கள். அவர்களின் கடிதத்தையும் வேலை செய்கிறவர்களின் கடிதத்தையும் ஒரே பக்கத்தில் போடுங்கள். வேலை செய்கிறவர்கள் எழுதினால் பெயரைப் போட வேண்டாம், ஊரை மட்டும் போடுங்கள்.

இப்படிக்கு,
கணக்கு எழுதும் வாசகி ஒருவர்,
கிளிநொச்சி.